கேரட் மேட்டு அத்திக்கும் காபித் தோட்டத்து அத்திக்கும் ஒரே கவாத்தா?

இலை கொட்டி மொட்டையாக நிற்கும் சீமை அத்தியின் குச்சி ஒன்றைக் கண்ணுக்கு நேராக வளைத்துப் பிடித்துப் பாருங்கள். நுனியில் வேல் போலக் கூராக ஒரு மொட்டு. அதற்குக் கீழே, இலைக்காம்பு விழுந்த தழும்புக்கு மேலாக, ஒவ்வொரு கணுவிலும் ஒன்றோ இரண்டோ மொட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கூராக இருப்பது துளிர்விடும் மொட்டு. அதன் பக்கத்தில் மிளகு அளவில் உருண்டையாகப் புடைத்திருப்பது காய். வெயில் ஏறியதும் பருக்கத் தொடங்கும். இந்த உருண்டைகள் பெரும்பாலும் நுனியை ஒட்டிய ஒரு சாண் நீளத்துக்குள்தான் இருக்கும். கிளை வெட்டும் கத்தரி முதலில் விழுகிற இடமும் அதுதான்.

அத்தி இரண்டு விதமாகக் காய்க்கும். போன வருடத்துக் குச்சியில், முன்பே உட்கார்ந்துவிட்ட இந்த உருண்டைகள் பருத்து வருவது ஒரு காய்ப்பு. இந்த வருடம் புதிதாக விடும் துளிரில், இலைக்கு ஒன்றாக வருவது இன்னொரு காய்ப்பு. முதலாவதைப் பழங்குச்சிக் காய் என்றும் அடுத்ததைத் துளிர்க் காய் என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம். எப்படிக் கவாத்து செய்வது, அதாவது கிளைகளை எப்படி வெட்டி ஒழுங்குபடுத்துவது என்ற கேள்விக்கு முன்னால், உங்கள் வீட்டில் இந்த இரண்டில் எது பழுத்து வாய்க்கு வந்து சேர்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும் நாட்டு அத்திக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இது முழுக்கச் சீமை அத்தியைப் பற்றியது.

மலையில் அதைத் தீர்மானிப்பது உயரம். மீட்டர் கணக்கு பார்க்க வேண்டாம், பக்கத்துத் தோட்டத்தை எட்டிப் பார்த்தால் போதும். காபி, மிளகு, மலைவாழை இருந்தால் கீழ்மலை: பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், நீலகிரியில் பர்லியாறு, குஞ்சப்பனை பக்கம். தேயிலை மட்டும் என்றால் குன்னூர், கோத்தகிரி மாதிரி நடுமலை. கேரட், உருளை, பூண்டு என்றால் ஊட்டி, கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை.

கீழ்மலையில் சூடு போதுமான அளவுக்கு உண்டு. தை மாதம் விட்ட துளிரில் பங்குனிக்குள் காய் பிடித்து, வைகாசி, ஆனியில் பழுத்துவிடும். மேல்மலையில் அப்படி நடப்பதில்லை. அங்கே துளிரே பங்குனியில்தான் நன்றாக வேகம் எடுக்கிறது. அதில் வரும் காய் பருத்து நிற்கும்போது ஊட்டியில் தென்மேற்குப் பருவமழை, கொடைக்கானலில் ஐப்பசி மழை. காய் பச்சையாகவே நின்று, பிறகு உப்பி வெடித்துப் புளித்துப்போகும். சித்திரை, வைகாசி வெயிலில், மழைக்கு முன்னால் பழுக்கிற பழங்குச்சிக் காய்தான் அங்கே நிச்சயமான பழம்.

ஆகவே, மேல்மலையில் நுனியை வெட்டினால் அந்த வருடத்துப் பழத்தை வெட்டினீர்கள் என்று பொருள். புனே பக்கத்து அத்தித் தோட்டங்களில் எல்லாக் குச்சியையும் வருடாவருடம் ஒட்ட வெட்டுகிறார்களே என்றால், அவர்கள் நம்பியிருப்பது துளிர்க் காயை. பூனா அத்தி ரகம் முக்கியமாகப் புதுத் துளிரில் காய்ப்பது. அங்கே எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு ஊட்டியில் கத்தரி எடுத்தால் மரம் செழிப்பாக இலை விடும், பழம் மட்டும் இருக்காது. பிறகு "ஆண் மரம் போல" என்று மரத்தின் மேல் பழி வரும். வீட்டுத் தோட்ட ரகங்களான பூனா, பிரவுன் டர்க்கி போன்றவை மகரந்தமே இல்லாமல் காய்ப்பவை. அங்கே பிரச்சினை கத்தரியில்தான்.

ஒட்ட வெட்டுவதா, நுனியை விட்டு வைப்பதா

வழிகள் நான்கு உண்டு. எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குப் பேச வேண்டியதில்லை.

முதல் வழி, ஒன்றும் வெட்டாமல் விடுவது. மூன்று வருடம் வரை இதனால் பெரிய கேடு இல்லை. பிறகுதான் தெரியும். அத்தியின் கணு ஒருமுறை காய்த்துவிட்டால் மறுபடி அதே கணுவில் காய்ப்பதில்லை. பேரி, பிளம்ஸ் மரங்களில் காய்க்கும் குட்டைக் கிளைகள் அதே இடத்தில் பல வருடம் காய்ப்பது போல இங்கே கிடையாது. காய்க்கும் இடம் ஆண்டுக்கு ஆண்டு நுனியோடு சேர்ந்து வெளியே தள்ளிப்போகும். பத்து வருடத்தில் உள்ளே வெறும் கட்டைகள், பழமெல்லாம் பன்னிரண்டடி உயரத்தில், சின்னான் குருவிக்கும் குரங்குக்கும் மட்டும் எட்டும் இடத்தில்.

இரண்டாவது வழி, எல்லாக் குச்சிகளையும் இரண்டு மூன்று கணு விட்டு ஒட்ட வெட்டுவது. கீழ்மலைக்கு இதுவே சரி. மரம் ஆறடி ஏழடிக்குள் நிற்கும், வலை போட எளிது, எல்லாக் குச்சியும் ஒரே நேரத்தில் துளிர்க்கும். நன்மைக்கு விலையும் உண்டு. ஒட்ட வெட்டிய குச்சியிலிருந்து வரும் துளிர் ஆவேசமாக நீளும். கணுவுக்குக் கணு இடைவெளி அதிகமாகும், காய் பிடிப்பது தள்ளிப்போகும். அதனால் துளிர் ஐந்தாறு இலை விட்டதும் நுனியை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். நீளும் வேகம் அடங்கி, இலைக்கக்கத்தில் காய் சீக்கிரம் பிடிக்கும். வெட்டின கையோடு யூரியாவும் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கிடைப்பது கீரைத் தோட்டம்தான்.

மூன்றாவது, மூன்றில் ஒன்றை வெட்டி மற்ற இரண்டையும் நுனியோடு விடுவது. மேல்மலைக்கு எங்கள் தேர்வு இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுவோம்.

வளர்ந்த வீட்டு மரத்தில் நான்கைந்து தாய்க்கிளைகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து காய்க்கும் குச்சிகள், ஆக இருபது குச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஆறேழு மட்டும் இந்த வருடம் வெட்டுக்கு. எந்த ஆறேழு? உள்பக்கம் காய்ந்து நீண்டு நுனியில் மட்டும் உயிர் வைத்திருப்பவை முதலில், அடுத்தது நிழலில் மெலிந்து நிற்பவை, கடைசியாக ஒன்றோடு ஒன்று உரசுகிறவை. இவற்றைத் தாய்க்கிளையிலிருந்து இரண்டு கணு, அதாவது மூன்று விரற்கடை அளவு விட்டு வெட்டுங்கள். அங்கிருந்து இந்த வருடம் புதுக்குச்சி வரும். அடுத்த தை மாதம் அதன் நுனியில் மிளகு உருண்டைகள் உட்கார்ந்திருக்கும். மற்ற பதின்மூன்று பதினான்கு குச்சிகளின் நுனியைத் தொடவே வேண்டாம். அவை இந்த வருடத்துப் பழம். மூன்று வருடத்தில் மரம் முழுக்கப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், ஒரு வருடம்கூட வெறுங்கையாக நிற்காது.

வெட்டும் குச்சிகளுக்கு முன்கூட்டியே ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி வையுங்கள். கத்தரி கையில் ஏறிவிட்டால் கணக்கு மறந்துபோகும். இன்னும் ஒன்று: தேயிலைக் கவாத்துக்குப் பழகிய கையிடம் அத்தியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடாதீர்கள். மேசை போலத் தலையை மட்டமாக வெட்டுவது தேயிலைக்கு அழகு, அங்கே அறுவடையே கொழுந்து. அத்தியில் அதே வெட்டு எல்லா நுனிகளையும் எடுத்துவிடும், வெட்டின உயரத்தில் துடைப்பம் போலக் குச்சிகள் அடைந்து, உள்ளே வெளிச்சமும் காற்றும் போகாது. மழைக்காலத்தில் துரு நோய் வந்து இலையின் அடியில் செம்பழுப்புத் தூள் படிவதற்கு இதைவிட வசதியான இடம் வேண்டாம்.

நான்காவது, அடியோடு வெட்டிப் புதுப்பிப்பது. கவனிப்பார் இல்லாமல் பதினைந்தடி போய்விட்ட பழைய பங்களா மரங்களுக்கு இது தேவைப்படும். அத்தி சாகாது, அடிக்கட்டையிலிருந்து பிழைத்து வரும். ஆனால் ஒரே நாளில் செய்தால் குறைந்தது இரண்டு பருவம் பழம் கிடையாது, முளைத்து வரும் நீர்ப்போத்துகளில் (நேராக வேகமாக எழும் துளிர்களில்) எதை விடுவது எதை எடுப்பது என்று வருடம் முழுக்கத் தலைவலி. அதுவரை நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலைப் பார்த்து வெடிக்கவும் செய்யும். தாய்க்கிளைகளை வருடத்துக்கு ஒன்றிரண்டாக மூன்று வருடத்தில் இறக்குங்கள். அப்போதும் வெளிச்சத்துக்கு வந்த கட்டைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவது நல்லது.

நடுமலைக்காரர்களுக்கு நேரடியான பதில் கிடையாது. குன்னூரில் ஒரே சரிவில் மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் சூடு மாறும். ஒரு வருடம் சோதனையாக, பாதிக் குச்சிகளை ஒட்ட வெட்டுங்கள், பாதியை விடுங்கள். விட்ட பாதியில் வைகாசிக்குள் எத்தனை பழுத்தது, வெட்டிய பாதியின் துளிர்க் காய் மழைக்கு முன் தித்திப்பாக வந்ததா என்று எண்ணிப் பார்த்தால் உங்கள் மரமே பதில் சொல்லிவிடும். ரகமும் இதில் சேரும். பிரவுன் டர்க்கி பழங்குச்சியிலும் ஓரளவு காய்ப்பதால் மேலே போகப் போக அதற்கே மதிப்பு. பூனா அத்தியைக் கேரட் மேட்டில் நட்டுவிட்டு எந்தக் கவாத்து செய்தாலும் பழம் சொற்பம்தான்.

மார்கழியா, மாசியா

மேல்மலையில் மார்கழியில் வெட்ட ஆசை வரும். இலை இல்லை, கிளை தெளிவாகத் தெரிகிறது, பள்ளி விடுமுறை வேறு. இரண்டு காரணங்களால் வேண்டாம். ஒன்று, வடகிழக்குப் பருவமழையின் ஈரம் அப்போதும் மிச்சமிருக்கும், வெட்டு காயாமல் பூஞ்சை இறங்கி நுனியிலிருந்து கருகிக்கொண்டு வரும். இன்னொன்று, உறைபனி. வெட்டினால் மரம் விழித்துக்கொள்ளும். இடையில் நான்கு நாள் வெயில் அடித்துத் துளிர் எட்டிப் பார்த்தால், அடுத்த உறைபனியில் வெந்த கீரை போலத் துவண்டுவிடும். தை கடைசி, மாசி முதல் பாதி: பனி அடங்கிய, காற்று காய்ந்த அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் மேல்மலைக்கு நாள். குளிர்காற்று தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஓடையோரத்து வீட்டுக்காரர்கள் மேட்டு வீட்டுக்காரர்களைவிட ஒரு வாரம் பொறுப்பது புத்திசாலித்தனம்.

கீழ்மலையில் உறைபனிப் பயம் இல்லை. மழை விட்டு ஒரு வாரம் காய்ந்ததும், மார்கழி கடைசியிலேயே முடித்துவிடலாம். தள்ளிப்போட்டால் பழம் ஆனி, ஆடிச் சாரலில் மாட்டும். அங்கே இலை முழுதாக உதிராமலே இருக்கலாம். மிச்ச இலைகளைக் கையால் கிள்ளி எடுத்துவிட்டு வெட்டுங்கள்.

மழை மாதங்களில் எந்த உயரத்திலும் பெரிய வெட்டு கூடாது. அடியில் மண்ணிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றுகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றை எப்போது கண்டாலும் மண்ணைக் கிளறி, தோன்றிய இடத்திலேயே பிய்த்தெடுங்கள். தரைமட்டத்தில் வெட்டினால் ஒன்றுக்கு நான்காக வரும்.

வெட்டும் விதமும் பாலும்

பெருவிரல் கனம் வரைக்கும் கவாத்துக் கத்தரி, அதற்கு மேல் வளைந்த பல் ரம்பம். குச்சியைக் குறைக்கும்போது வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொட்டுக்கு எதிர்ப்பக்கம் சரிவாக வெட்ட வேண்டும். அத்திக் குச்சியின் நடுவே மெத்தென்ற சோறு இருக்கும், தண்ணீர் தேங்கினால் அது வழியாக அழுகல் நேரே இறங்கும். முழுக் கிளையையே எடுப்பதென்றால், அது தாய்க்கிளையோடு சேரும் இடத்தில் பட்டை சுருங்கி மோதிரம் போலப் புடைத்திருக்கும். அந்த மோதிரத்துக்கு வெளியே வெட்டினால் மரமே காயத்தை மூடிக்கொள்ளும். மோதிரத்தையும் சேர்த்துச் செதுக்கினால் மூடாது, நாலு விரல் கட்டையை விட்டால் காய்ந்து தண்டுத் துளைப்பானுக்கு வாசலாகும். கனத்த கிளைக்கு மூன்று வெட்டு: ஒரு அடி தள்ளி அடியிலிருந்து கால் பங்கு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுதாக, பாரம் விழுந்த பிறகு மிச்சக் கட்டையை மோதிரத்தை ஒட்டி. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் கிளை தன் எடையில் பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும்.

வெட்டியதும் பால் வடியும். இந்தப் பாலை லேசாக எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். தோலில் பட்ட பால் அப்போது ஒன்றும் செய்யாது. அதன் மேல் வெயில் பட்டால், ஒன்றிரண்டு நாள் கழித்து, சுடுதண்ணீர் கொட்டியது போலக் கொப்புளம் கிளம்பும், தழும்பு மாதக்கணக்கில் கருப்பாக நிற்கும். பாலில் உள்ள சொராலின் வகைப் பொருள்கள் புறஊதாக் கதிரோடு சேர்ந்து செய்யும் வேலை அது. மலையில் வெயில் உறைக்காது, குளிருக்கு இதமாகக்கூட இருக்கும், ஆனால் புறஊதாக் கதிர் சமவெளியைவிட அதிகம். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, மேகமூட்டமான நாளிலோ பொழுது சாயும் நேரத்திலோ வெட்டுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாள் அந்த இடத்தைத் துணியால் மூடி வையுங்கள். வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிப் போடும் பிள்ளைகளுக்கும் வேலையாளுக்கும் இதே எச்சரிக்கை. கத்தரியில் படிந்த பாலை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் மரத்துக்கு மரம் துடைத்தால் பிசுக்கும் போகும், நோயும் பரவாது.

பால் நின்று வெட்டு காய்ந்ததும் போர்டோ பசை, அதாவது பூஞ்சையைத் தடுக்கும் மயில்துத்தச் சுண்ணாம்புப் பசை பூசுங்கள். பெருவிரலுக்கு மேல் கனமான வெட்டுகளுக்கு மட்டும் போதும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரில் நீற்றி ஆறவிடுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. துரு இல்லாத இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்புப் பூச்சு படிகிறதா? படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே பூசி முடியுங்கள், மறுநாளைக்கு வைத்தால் வீண்.

உரம் அதிகம் வேண்டாம். வளர்ந்த மரத்துக்குப் பத்து கிலோ மக்கிய சாணம், கிளை விரிந்த ஓரத்தில் வட்டமாக. மலை மண் பெரும்பாலும் புளிப்பு மண், அத்திக்கு அது ஒத்துவராது. மண் பரிசோதனையில் அமிலம் அதிகம் என்று வந்தால் டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்) கொடுக்க வேண்டும், ஆனால் உரத்துக்கும் அதற்கும் ஒரு மாதம் இடைவெளி விட்டு.

புதரா, சுவரோரமா

புது மரத்துக்கு மட்டுமே இந்தக் கேள்வி. திறந்த இடத்தில் என்றால் கன்றை முழங்கால் உயரத்தில் வெட்டி, நான்கைந்து பக்கம் பார்த்து வரும் கிளைகளை மட்டும் விட்டு, நடுவைக் கிண்ணம் போலத் திறந்து வைப்பது எல்லா உயரத்துக்கும் பொருந்தும். மேல்மலையில் கல் சுவர் இருந்தால் சுவரோரம் இன்னும் நல்லது. பகலில் வாங்கிய சூட்டைக் கல் இரவில் கொடுக்கும். எந்தச் சுவர் என்பதில் பலர் தவறுகிறார்கள். பிற்பகல் வெயில் காட்டம் என்று மேற்குச் சுவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சித்திரை, வைகாசியில் பெரும்பாலும் காலையில் வெயில், மதியத்துக்குப் பிறகு மேகம். கிழக்கோ தென்கிழக்கோ பார்த்த சுவர்தான் அங்கே முழு வெயிலையும் வாங்கும். சுவருக்கும் மரத்துக்கும் ஒரு அடி விட்டு நட்டு, அரை அடிக்கு ஒரு கம்பி இழுத்து, கிளைகளை விசிறி போலக் கட்டுங்கள். சுவரை நோக்கியும் அதற்கு நேர் எதிராகவும் வரும் துளிர்களைச் சிறிதாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். சுவர் மரத்துக்கு ஒட்ட வெட்டும் முறை எந்த உயரத்திலும் வேண்டாம், விசிறி கலைந்துவிடும். இதில் வேலை அதிகம். மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க முடியாதவர்கள் புதராகவே விட்டுவிடலாம்.

வெட்டிய குச்சிகளில் பென்சில் கனத்தில் உள்ள ஒரு வருடக் குச்சிகளை எரிக்காதீர்கள். ஒரு சாண் நீளம், நான்கு கணு, பால் காய ஒரு இரவு நிழலில், பிறகு மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள். தூள் தூளாக மரப்பொடி கொட்டிய ஓட்டை உள்ள கிளைகளை மட்டும் அன்றே எரித்துவிடுங்கள், உள்ளே துளைப்பான் புழு இருக்கும்.

ஆடி மழையில் காட்டெருமை வேலியை மிதித்து வந்து கிளையைப் பிளந்துவிட்டுப் போனால் மாசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிளந்த கட்டையில் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருப்பது, மழையில் வெட்டுவதைவிட மோசம். ஒரு நாள் வெறிப்பு விட்டதும் கிழிசலுக்குக் கீழே நல்ல மரம் தெரியும் இடத்தில் சரிவாக அறுத்து, ஓரப் பட்டையைக் கூர்மையான கத்தியால் நேராக்கி, பசை பூசி, மேலே ஒரு பாலித்தீன் துண்டைக் குடை போலத் தளர்வாகக் கட்டி வையுங்கள். மழை நின்ற வாரமே அதை அவிழ்த்துவிட வேண்டும்.